வேன் டிரைவரின் கழுத்து

எங்கள் வீட்டில் காலைப்பொழுது என் மகளின் கழுத்தில்தான் தொடங்கும். குளியலறையிலிருந்து முதலில் வாளிச் சத்தம் கேட்கும், அடுத்து என் மனைவியின் குரல், அதற்குப் பின் மகளின் அலறல். வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்தபடி இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்பேன்.

“அசையாம நில்லுடி. எம்புட்டு அழுக்கு பாரு.”

“வலிக்குதும்மா.”

“வலிக்கத்தான் செய்யும். ஊருப் புழுதியப் பூராம் கழுத்துல அப்பிக்கிட்டு வந்தா?”

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. என்னைப் போலவே பூசினாற்போல உடம்பு. பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. தொட்டால் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அது போவதற்காக என் மனைவி செய்யாத வைத்தியம் இல்லை. பயத்தமாவு போட்டாள். எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். புளித்த தயிர் தடவிக் காயவைத்து, காய்ந்த பீர்க்கங்கூட்டு நாரால் உரசினாள். கவரிங் சங்கிலிதான் கறுக்கிறது என்று அதைக் கழற்றிப் பீரோவுக்குள் போட்டாள். தோல் சிவந்து எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. நான் தலையிடுவதில்லை. வீட்டில் என் இலாகா வேறு: பால் பாக்கெட் வாங்குவது, தொலைந்த ரிமோட்டைத் தேடுவது.

மகள் ஒரு தடவை என்னிடம் வந்து, “அப்பா, நான் கழுத்து வரைக்கும் மூடுற மாதிரி சட்டை தைச்சுப் போட்டுக்கிறவா?” என்று கேட்டாள்.

“வெயிலுக்கு வெந்து போவத்தா,” என்றேன்.

“வெந்தா பரவாயில்லப்பா,” என்றாள். அதையும் ஏதோ பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அன்னவாசலில் நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சுற்று வட்டாரப் பிள்ளைகளைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, சாயங்காலம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவேன். வாசல் என்றால் வாசல்தான். சில வீடுகளில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அடுப்பங்கரையிலேயே இறக்கிவிடலாம். அவ்வளவு அக்கறையான டிரைவர் என்று எனக்கு நல்ல பேர். நடுப்பகலில் வேனும் சும்மா நிற்கும், நானும் சும்மா இருப்பேன். வேனாவது நின்ற இடத்தில் எதையும் தின்னாது. நான் டீக்கடையில் நிற்பவன்.

அந்தச் சும்மா நேரத்துக்கு ஒரு வாடகை வந்தது. வெளியூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். சின்ன வயதுதான். தாத்தா வயதில் வருகிற சர்க்கரை வியாதி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது, பிள்ளைகள் ஏன் இப்படிப் பெருக்கிறார்கள் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதற்கு ஊர் ஊராகப் போய்ப் பெற்றவர்களிடம் சம்மதம் வாங்கி, பிள்ளைகளை அளந்து, நிறுத்து, ரத்தம் எடுத்து, வீட்டில் யார் யாருக்கு என்ன வியாதி என்று கேட்க வேண்டும். கூட ஒரு சிஸ்டர், ஒரு எடை மெஷின், உயரம் பார்க்கிற கம்பு, ஒரு இஞ்சி டேப், ரத்தக் குழாய்கள் வைக்கிற ஐஸ் பெட்டி. எந்தத் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்லி என்னைப் பிடித்தார்.

முதல் நாள் கீரனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கேட்டார்: “பிள்ளைங்க குண்டாகுறதுக்கு என்ன காரணம்னு ஒங்களுக்கு எதுவும் தோணுதாண்ணே?”

“பரோட்டாவா இருக்கும்மா,” என்றேன். முந்தின ராத்திரி சாப்பிட்ட ஞாபகம்.

“பரோட்டா இருக்கட்டும். இந்தப் பிள்ளைங்கல்லாம் முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனாங்க?”

“நடந்துதாம்மா. பெரிய பிள்ளைக சைக்கிள்ல போகுங்க.”

“இப்ப?”

“இப்ப நம்ம வேன்லதான!” என்று பெருமையாகச் சொன்னேன்.

கண்ணாடியில் பார்த்தால் டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி தொடங்கிய அன்றே அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கு அவர்கள் வாடகை வேறு கொடுத்தார்கள்.

ஊருக்குள் போனால் எடை மெஷினில்தான் முதல் தகராறு. எந்தத் தாயும் பிள்ளையை அதில் ஏற்றச் சம்மதிக்க மாட்டாள். பிள்ளையை நிறுத்து, அந்தக் கணக்கை நாலு பேர் காதில் விழச் சொன்னால் கண்ணு பட்டு இளைத்துப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இளைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? டாக்டரம்மா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அண்ணே, நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன்,” என்றார் சிஸ்டர்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மெஷினில் எண்கள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தன. அப்புறம் ஒரு நம்பரில் நின்றது. சிஸ்டர் அதைச் சத்தமாக வாசித்தார். ஊரே சிரித்தது.

“சிஸ்டர், பிள்ளைகளுக்குக் காதோட காதா சொல்லுவேங்குறீங்க. எனக்கு மட்டும் மைக்கு வச்ச மாதிரி சொல்றீங்க?”

அங்கே நின்ற ஒரு அக்கா முந்திக்கொண்டு, “ஒங்களுக்கு எவ வந்து கண்ணு போடப்போறா? போட்டாலும் அதுக்கு ஒரு வண்டி கண்ணுல்ல வேணும்,” என்றாள்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நான் ஏறுவேன், பிள்ளைகள் சிரிக்கும், சிரித்த கையோடு அவையும் ஏறும். பிள்ளைகளின் கணக்கைச் சிஸ்டர் வாய் திறக்காமல் எழுதிக்கொள்வார். சில தாய்மார்கள் மெஷினைவிட்டு இறங்கிய பிள்ளைக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். டாக்டரம்மா அதற்கும் பொறுமையாக நின்றார். என்னைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எனக்கு ஒரு மிளகாய்கூடச் சுற்றவில்லை.

சித்தன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பையனைக் குனியச் சொல்லி டாக்டரம்மா அவன் பிடரியைப் பார்த்தார். கறுப்புப் பட்டை. அதன் நடுவில் தோல் உரிந்து புண்ணாகி இருந்தது.

“இது என்ன புண்ணு?”

“என்னத்தச் சொல்றது டாக்டரம்மா,” என்றாள் அவன் அம்மா. “எம்புட்டுத் தேச்சாலும் அழுக்கு போவ மாட்டேங்குது. செங்கல்லு ஒண்ணு வச்சுத்தான் இன்னும் தேய்க்கல.”

“அக்கா, தேய்க்காதீங்க. இது அழுக்கே இல்ல.”

வேன் நிழலில் நின்று நிலக்கடலை தின்றுகொண்டிருந்த நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

டாக்டரம்மா அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். “நாம சாப்பிடுறது ரத்தத்துல சர்க்கரையா மாறுது. அத ஒடம்பு எடுத்துக்கிறதுக்கு இன்சுலின்னு ஒண்ணு உள்ள சுரக்கும். சில பேரு ஒடம்பு அந்த இன்சுலின் சொல்ற பேச்சக் கேக்காது. கேக்கலன்னு ஒடம்பு இன்னும் கூடச் சுரக்கும். அப்படி அளவுக்கு மேல போறப்ப கழுத்துல, அக்குள்ல எல்லாம் தோல் தடிச்சு இப்படிக் கறுத்துரும். உள்ள நடக்குறது வெளிய தெரியுது, அவ்வளவுதான். எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனா இதப் பாத்ததும் ரத்தம் எடுத்துப் பாத்துறணும். சர்க்கரை வர்றதுக்கு முன்னாடியே புடிச்சுறலாம்.”

“அப்ப எம்மகன் அழுக்கா இல்லியா?”

“நல்லாக் குளிக்கிற பையன்க்கா.”

அந்த அம்மா மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடா, எடுபட்ட பயலே,” என்று அதற்கும் அவன் தலையிலேயே ஒன்று வைத்தாள். வைத்த கையால் அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

நான் மிச்சக் கடலையைச் சட்டைப் பைக்குள் போட்டேன். என் மகளின் கழுத்து எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் எங்கள் வீட்டு அழுக்கு வேறு அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டாத விஷயங்களில் என் மூளை இப்படித்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அன்று ராத்திரி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை வாளிச் சத்தம் கேட்டதும் வேனை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை மிதித்து வைத்துக்கொண்டேன். அலறல் கேட்கவில்லை. ரெண்டு வீடு தள்ளியிருப்பவர் வந்து, வண்டியில் என்ன கோளாறு என்று விசாரித்தார்.

இதே மாதிரி இன்னும் சில நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் வேலையை முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

“அண்ணே,” என்றார் டாக்டரம்மா பின்னாலிருந்து. “ஒங்க கழுத்து எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“பொறந்ததுலருந்து தலைக்குக் கீழதாம்மா இருக்கு.”

சிஸ்டர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“பின்னாடி கறுப்பா இருக்குல்ல, அதச் சொல்றேன். தெனமும் ஒங்க கழுத்தப் பாத்துக்கிட்டேதான் வாரேன். கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு.”

இத்தனை நாளும் அவர் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். ஆராய்ச்சிக்காரரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கழுத்தைத் தேடி ஓட்டியிருக்கிறேன்.

“அது வெயிலும்மா. வண்டி ஓட்டுற பொழப்பு.”

“வெயில் முன்னாடி கண்ணாடி வழியாத்தான வருது. பின்னாடி கூரைல்ல இருக்கு?”

கியரை மாற்றி வண்டியை விரட்டினேன்.

“வீட்டுல பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணும்மா.”

“அவ கழுத்து?”

இண்டிகேட்டர் போட்டு ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். இறங்கி டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன். டயரில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

“எங்க வீட்டுல தெனம் தேய்க்கிறாங்கம்மா,” என்றேன். சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளையின் காது எப்போதும் வெளியேதான் இருக்கும் என்பது தெரிந்தும் மெதுவாகத்தான் பேசினோம்.

“சுகரா? எம்மகளுக்கா?” என்றாள் மனைவி. “ஒங்க டாக்டரம்மாவுக்கு வேற வீடு கெடைக்கலியா?”

“இருக்குதுன்னு சொல்லல. இருக்குதான்னு பாப்போம்ங்குறாங்க.”

“பாக்க வேணாம். பொம்பளப் புள்ளைக்கு சுகருன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? பாத்தாத்தான இருக்கும். பாக்கலன்னா ஒண்ணுமில்ல.”

“நான் இன்னக்கி வரைக்கும் பாக்காமத்தான் இருந்தேன். எனக்கும் இருக்குமாம்.”

“ஒங்களுக்கு இருந்தா இருந்துட்டுப் போகுது,” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த மிக நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். வேண்டாதவர் வந்தாலும் வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கோபத்தில் இருந்த மனைவி, அந்தக் கோபத்தைக் காட்ட ரெண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் காப்பி கொண்டுவந்தாள். ஒரு தட்டு நிறைய முறுக்கு. டாக்டரம்மா முகம் சுளிக்காமல் காப்பியைக் குடித்து முடித்தார். அந்த ஒன்றில் என் மனைவி பாதி இறங்கி வந்துவிட்டாள்.

“அக்கா, இங்கிட்டு வாங்க,” என்று அவளைக் கூப்பிட்டு, என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். என் சட்டைக் காலரைக் கீழே இழுத்தார். “இதப் பாருங்க.”

அப்புறம் ஒரு விரல் என் பிடரியைத் தொட்டது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறாளே தவிர, பின்கழுத்தை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தாள்.

“புள்ளைக்கு இருக்குற மாதிரியேல்ல இருக்கு,” என்றாள்.

“இவரு தெனம் சோப்புப் போட்டுத்தான குளிக்கிறாரு?”

“சோப்புல பாதி இவருக்கே போகுது டாக்டரம்மா.”

“அப்ப அழுக்கு இல்லைன்னு தெரியுதுல்ல?”

மகள் கதவோரம் வந்து நின்றிருந்தாள். டாக்டரம்மா கூப்பிட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே முடியை ஒரு பக்கம் ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். இவ்வளவு சுலபமாக அவள் அதை யாரிடமும் காட்டி நான் பார்த்ததில்லை.

“எரியுதா?”

“குளிக்கிறப்ப மட்டும்.” முடியைத் திரும்பக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அவளே சொன்னாள்: “பிரேயர்ல குட்டையா இருக்கவங்கதான் முன்னாடி நிக்கணும். நான் போயிக் கடைசில நின்னுக்கிருவேன். பின்னாடி யாரும் இல்லைன்னா யாரும் பாக்க முடியாதுல்ல?”

அந்தப் பள்ளிக்கூட வாசலில் தினமும் அவளை இறக்கிவிடுகிறவன் நான். பிரேயர் பாட்டு காதில் விழுகிற தூரத்தில் வேனை நிறுத்தி டீ குடிப்பேன். மனைவி என்னைப் பார்த்தாள், நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன்.

“நான் மிட்டாய் தின்னதுனாலயா டாக்டர்?” என்று மகள் கேட்டாள்.

“ஒத்தக் காரணம்னு சொல்ல முடியாதுப்பா. வீட்டுல பெரியவங்களுக்கு இருந்தா வரலாம். பொறக்குறப்பவே எடை கொறஞ்சு பொறந்தா வரலாம். ஓடியாடி வெளையாடாம இருந்தா, நேரத்துக்குத் தூங்கலன்னா, சாப்பாடு மாறுனா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து வருது. அதுல எது எவ்வளவுன்னு தெரியாமத்தான் ஒங்கப்பா வேன்ல சுத்திக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு தெரியும். இது ஒன்னோட தப்பு இல்ல.”

மனைவி மெதுவாக, “இவ வயித்துல இருக்கப்ப எனக்குக் கொஞ்சம் சுகர் ஏறுச்சுன்னு சொன்னாங்க. அதுனாலயா இருக்குமோ?” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எங்கழுத்துத்தான் சாட்சியோட மாட்டிருக்கே. பழி பூராம் எம்மேல எழுதிக்கங்கம்மா. வேன் ஓட்டுறதும் நாந்தான், பரோட்டா வாங்கிட்டு வாரதும் நாந்தான்.”

“அப்ப அப்பாதான் காரணமா?” என்று மகள் சந்தோஷமாகக் கேட்டாள். அவளிடம் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இன்னும் ரெண்டு வியாதிக்குக்கூடப் பொறுப்பேற்றிருப்பேன்.

மறுவாரம் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றோடு பிள்ளையை ஊசிக்கு அனுப்புவதாவது என்று மனைவி ஒரு டம்ளர் பாலோடும் பன்னோடும் தெருமுனை வரைக்கும் வேன் பின்னாலேயே வந்தாள். மகள் ஜன்னல் வழியாக, “ஒண்ணும் தின்னக் கூடாதும்மா, கணக்கு தப்பாப் போயிரும்,” என்று கத்தினாள். பன் என்னிடம் வந்தது. எனக்கும் அன்றுதான் ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்பது அதை வாயருகே கொண்டுபோன பிறகுதான் ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் நான் திருப்பி வைத்த ஒரே பன் அதுதான்.

முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் வாளிச் சத்தம் மட்டும் கேட்டது. மற்ற ரெண்டும் இல்லை. மனைவி தினமும் விளக்கேற்றும்போது உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். மகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். நான் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினேன். வேனில் வருகிற பிள்ளைகள், மாமாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டன.

டாக்டரம்மா கையில் முடிவோடு வீட்டுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். “பொண்ணுக்குச் சர்க்கரை இல்ல. எல்லைக்கோட்டுக்கு ரொம்பக் கிட்டக்க நிக்கிறா. இப்பருந்தே பாத்துக்கிட்டா இங்கிட்டே நிறுத்திப்புடலாம். மாத்திரையெல்லாம் வேண்டாம்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா அண்ணனுக்கு இருக்கு. நல்லாவே இருக்கு. மாத்திரை போடணும்.”

“ஆத்தா, தாயே!” என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்லவேளை, இவருக்குத்தானா!”

புருஷனுக்குச் சர்க்கரை வந்ததற்காகச் சாமிக்கு நன்றி சொன்ன ஒரு பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அப்போது அதுதான் தோன்றியது என்பதால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகளுக்கு நடத்திய ஆராய்ச்சியில், துணைக்குப் போன நான் முதல் பரிசோடு வந்துவிட்டேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் சில மாறுதல்கள். சாயங்காலம் மூன்று பேரும் கண்மாய்க் கரையில் நடக்கிறோம். மகள் முன்னால், மனைவி நடுவில், நான் கடைசியில். கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் வெளுத்திருக்கிற மாதிரி மனைவிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பரோட்டாக் கடை மாஸ்டர் என்னை எதிரில் பார்த்தால், ஊரைவிட்டுப் போய்விட்டீர்களா என்று விசாரிக்கிறார்.

வேனையும் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துவதை விட்டுவிட்டு, தெருமுனையில் நிறுத்தத் தொடங்கினேன். டாக்டரம்மா சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். முதல் வாரம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

“ஏண்ணே, டீசல் மிச்சம் புடிச்சு மாடி கட்டப் போறீங்களா?” என்றாள் ஒரு தாய்.

“எம்மகன் கால் தேஞ்சு போச்சுன்னா நீங்க வாங்கித் தருவீங்களா?” என்றாள் இன்னொருத்தி. அவள் மகன் அதற்குள் தெருமுனைக்கு ஓடி, முன் சீட்டைப் பிடித்துவிட்டிருந்தான். முன் சீட்டுக்காகப் பிள்ளைகளுக்குள் தினமும் ஓட்டப்பந்தயம் நடந்தது. அதைப் பார்த்து அம்மாக்களும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள்.

போன மாதம் ஆராய்ச்சி என் மகளின் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. வழக்கம்போல வேன் என்னுடையது. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு அறை, பெண்பிள்ளைகளுக்கு ஒரு அறை. பெண்பிள்ளைகள் பக்கம் ஆண்கள் யாரும் போகக் கூடாது என்பதால், எடை மெஷினில் ஏறிக் காட்டுகிற என் உத்தியோகமும் அன்று இல்லை. மெஷின்களை இறக்கிவைத்துவிட்டு வெளியே காம்பவுண்டு சுவர் ஓரம் வேனில் சாய்ந்து நின்றேன். ஏழாம் வகுப்பு ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே சிஸ்டர் கூப்பிடுவது கேட்டது. “யாரு மொதல்ல வாரீங்க? கழுத்தத்தான பாக்கப் போறோம், ஏன் இப்படி ஓடி ஒளியுறீங்க?”

பெஞ்சுகள் நகர்கிற ஓசை. யாரோ, “நீ போடி,” “நீ போ,” என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை அழுகிற குரலில், “அழுக்குன்னு எல்லாரும் சிரிப்பாங்க சிஸ்டர்,” என்றது.

அடுத்து என் மகளின் குரல் கேட்டது. வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அதே குரல்.

“நான் வாரேன் சிஸ்டர். ஏ, நல்லாப் பாத்துக்கங்கடி. இது அழுக்கு இல்ல. எங்கம்மா பீர்க்கங்கூட்ட வச்சுத் தேச்சே போகல. தேச்சீங்கன்னா தோல்தான் உரியும். ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், அது எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு குரல்.

“எங்கப்பாவுக்கும் இருக்கு. எனக்கு அவர்கிட்டருந்துதான் வந்துச்சு. நம்பலன்னா அந்தா வெளிய நிக்கிறாரு பாரு. அப்பா!”

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தலைகளாக இருந்தன. ரெட்டைச் சடைகள், ரிப்பன்கள். நடுவில் என் மகள்.

“அப்பா, திரும்பி நில்லுங்க. காலர எறக்கிக் காட்டுங்க.”

நான் திரும்பினேன். காலரை ரெண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். பின்னால் ஒரே கசமுசா. “ஆமாடி,” என்றது ஒரு குரல். “எனக்கும் இப்படித்தான இருக்கு,” என்றது இன்னொன்று. “எங்க அத்தைக்கும் இருக்கு.” யாரோ சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. சிஸ்டர், “வரிசையா வாங்க, தள்ளாதீங்க,” என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் அந்தப் பக்கம் வந்தவர், ரோட்டைப் பார்த்துக் காலரை இழுத்துப் பிடித்து நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னண்ணே, பூச்சி கீச்சி விழுந்துருச்சா?”

“இல்லண்ணே. புள்ள பாடம் எடுத்துக்கிட்டு இருக்கு. போர்டு நாந்தான்.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் கழுத்து வலித்தது. ஆனால் உள்ளேயிருந்து திரும்பச் சொல்லிச் சத்தம் வருகிற வரைக்கும் அப்படியே நிற்பது என்று இருந்துவிட்டேன்.